ஒயில் குடித்த கார்

பயத்தினால்தான் நாங்கள் கார் வாங்கினோம். நான் அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு வெள்ளவத்தையில், கடற்கரையை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில். நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தினமும் போய்வர வேண்டும். பஸ்ஸிலும் ரயிலிலும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். பஸ்ஸில் ஏறியதும் ஆட்கள் உட்கார முன்னர் குனிந்து இருக்கைக்குக் கீழே பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். என் கணவருக்கு வெள்ளவத்தையிலேயே வங்கியில் வேலை. பின்னேரம் நான் வரக் கொஞ்சம் சுணங்கினால் போதும், ஒழுங்கை முகப்பில் வந்து நின்றுவிடுவார்.

“இனி உமக்கு பஸ்ஸும் வேண்டாம், ரெயினும் வேண்டாம்” என்று ஒருநாள் சொன்னார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, பழகும் விருப்பமும் இல்லை. நான் கலியாணத்துக்கு முன்னரே அப்பாவின் காரில் பழகியிருந்தேன். தெஹிவளையில் ஒரு பெரியவர் மகனிடம் அவுஸ்திரேலியா போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சாம்பல் நிறக் காரை வாங்கினோம். இங்கிலாந்தில் செய்த பழைய கார். கதவுகள் கனமானவை. சீட்டுத் தோல் வெடித்திருந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் நன்றாக இருந்ததாக எனக்குப் பட்டது.

அடுத்த ஒழுங்கையில் எங்கள் பாடசாலையின் கணித ஆசிரியை இருந்தார். என்னைவிட வயதில் கூடியவர், பெரிய குரல்காரர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாளே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறிவிட்டார். அன்றிலிருந்து அது அவருடைய சீட்.

சில கிழமைகள் நிம்மதியாகப் போயின. பிறகு ஒருநாள் காலை கொச்சிக்கடைத் திருப்பத்தில் முன்பலகையில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கியது. பாடசாலை மதிலோடு காரை நிறுத்தி, பொனற்றைத் திறந்து, ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தேன். கம்பியின் நுனியில்கூட ஒயில் இல்லை. வாங்கிய நாளில் மேல் கோடு வரை நிறைந்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

அன்றைக்கு வாங்கி ஊற்றினேன். அந்தக் கிழமை முடியுமுன் மறுபடி கம்பி காய்ந்துபோய் வந்தது. எங்கேயோ ஒழுகுகிறது என்று நினைத்து, இரவு காரின் கீழே பழைய வீரகேசரிப் பத்திரிகைத் தாள்களை விரித்துவிட்டேன். விடியப் பார்த்தால் தாளில் ஒரு பொட்டும் இல்லை. அப்படியானால் போகிற ஒயில் எஞ்சினுக்குள்ளேயே எரிகிறது. பின்னால் வருகிறவர்கள் ஏன் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. நான் வேகம் எடுக்கும்போதெல்லாம் நீலப் புகை கிளம்பி வீதியை மறைத்தது.

“நுளம்புக்குப் புகை அடிக்கிற வண்டி மாதிரிக் கிடக்கு” என்றார் அக்கா. ஆனால் இறங்கவில்லை. பஸ்ஸைவிடப் புகை நல்லது என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

ஆகவே நான் காரின் டிக்கியில் ஒயில் பேணிகளை வைத்துக்கொண்டு போகத் தொடங்கினேன். கடையில் வாங்கிய ஒயிலைப் பழைய பால்மாத் தகரப் பேணிகளில் நிரப்பி, மூடியைப் பொலித்தீனால் கட்டி, சாக்கில் சுற்றி வைப்பேன். காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் ஊற்றினால் கார் ஓடும். அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

பிழை ஒரு திங்கட்கிழமை காலை வழியிலிருந்த இராணுவச் சோதனைச் சாவடியில் தெரிந்தது. வழமையாக அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கை காட்டிவிடுவார்கள். அன்றைக்கு நின்ற சிப்பாய் புதியவன். டிக்கியைத் திறக்கச் சொன்னான். சாக்கை விலக்கினான். தடித்த திரவம் நிரம்பிய, பொலித்தீனால் கட்டிய பேணிகள். ஓரடி பின்னால் போய், தோளில் கிடந்த துவக்கை என்னை நோக்கித் தூக்கினான்.

“மேவா மொனவாத?” இவை என்ன என்று கேட்டான். குரல் நடுங்கியது. அவனும் என்னைப்போலவே பயந்துபோனான் என்பதை நான் கண்டேன்.

“எஞ்சின் ஒயில்” என்றேன். சிங்களத்தில் அதற்கு மேல் சொல் வரவில்லை.

எங்களை இறக்கி, காரிலிருந்து தள்ளி, மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மற்ற வாகனங்களைத் திருப்பி அனுப்பினார்கள். பஸ்ஸுகளில் போனவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “பிள்ளை, ஒண்டும் கதையாதையும்” என்று மெல்லச் சொன்னார். எங்கள் இருவரின் அட்டையிலும் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. இரண்டு கைப்பைகளையும் கொட்டிப் பார்த்தார்கள். என் பையிலிருந்து விழுந்த, கரும்பலகையில் எழுதும் வெண்கட்டித் துண்டுகளைக்கூட ஒருவன் எடுத்து முகர்ந்து பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சார்ஜன்ட் வந்தார். நரைத்த மீசை, களைத்த முகம். ஒரு பேணியைத் திறந்து விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். ஒயில்தான் என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் ஒரு ஆசிரியை இவ்வளவு ஒயிலை எதற்குக் கொண்டு திரிகிறாள் என்பது விளங்கவில்லை. கார் குடிக்கிறது என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறாய், எங்கே வைத்திருக்கிறாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வெயில் ஏறிக்கொண்டே போனது. பாடசாலை மணி எப்போதோ அடித்திருக்கும். எனக்குள் இருந்த பயம் ஒரு கட்டத்தில் கோபமாக மாறிவிட்டது.

“நீங்களே ஏறிப் பாருங்கள்” என்றேன், உடைந்த சிங்களத்தில். “நான் ஓட்டிக் காட்டுகிறேன்.”

அக்கா என் காலை மிதித்தார். சார்ஜன்ட் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு அக்காவின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் ஒருவன் துவக்கோடு ஏறினான். நான் எஞ்சினை இயக்கி, நன்றாக மிதித்து, கடற்கரைப் பக்கம் கொஞ்சத் தூரம் ஓட்டி, திரும்பி, எங்கள் புகைக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்தேன். திறந்திருந்த கண்ணாடிகளால் அவ்வளவும் உள்ளே வந்தது. பின்னால் இருந்தவன் இருமத் தொடங்கினான். சார்ஜன்ட் சட்டைப் பையிலிருந்து எடுத்த லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இறங்கியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மிஸ்கெ கார் எக்க ஒயில் பொனவனே!” உங்கள் கார் ஒயில் குடிக்கிறதே என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் பேணிகளைத் திருப்பித் தரவில்லை. சிரிப்பு அடங்கியதும் விரலை நீட்டிச் சொன்னார்: இனி ஒரு பேணியாவது காரில் இருந்தால் காரும் இங்கே நிற்கும், நீங்களும் நிற்பீர்கள்.

அன்று வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது கணவர் எழும்பி நின்றுவிட்டார். “நாளைக்கே விப்பம். அந்தச் சனியனைத் தள்ளிவிட்டாத்தான் நிம்மதி.”

“வித்துப்போட்டு? திரும்ப பஸ்ஸில போறதோ?”

“வேலையை விடும்.”

“வேலையை விடமாட்டன். காரையும் விக்கமாட்டன். அதைத் திருத்துவன்.”

“உமக்கென்ன விசரே?” என்றார். எனக்குப் பைத்தியம் என்றே முடிவுகட்டிவிட்டார். வீட்டில் கொஞ்சமும் கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் கொஞ்சமுமாக ஒயிலை வைத்து, காரில் ஒன்றுமில்லாமல் ஓட்டிப் பார்த்தேன். ஆனால் அந்தப் புகையே போதுமானதாக இருந்தது. அந்தக் காரைக் கண்டாலே மறித்தார்கள். திருத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

பாடசாலைக் காவலாளி சொல்லித்தான் மாளிகாவத்தை மாடிவீடுகளுக்குப் பின்னால் இருந்த கராஜுக்குப் போனேன். அதை நடத்தியவர் ஒரு முஸ்லிம் மனிதர். தாடி நரைக்கத் தொடங்கிய வயது. அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் அவரை நானா என்று கூப்பிட்டேன். கராஜ் நிறைய வாகனங்கள் நின்றன. அவர் எங்கள் காரின் பின்னால் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“வேற எஞ்சின் போடுங்க டீச்சர். இது முடிஞ்சி பெய்த்து.” இந்த எஞ்சின் முடிந்துபோய்விட்டது என்று கையை விரித்தார்.

“வேற எஞ்சின் கிடைக்குமோ?”

“இந்த மாடலுக்குக் கெடைக்கிறது கஷ்டம்.”

“அப்ப இதைத்தான் திருத்த வேணும். எது தேய்ஞ்சது எண்டு முதல்ல பார்த்துச் சொல்லுங்கோ.”

அவருக்கு விருப்பமில்லை. வேலை நிறைய இருந்தது. நான் போகாமல் நின்றதால், பெருமூச்சு விட்டுக்கொண்டு பிளக்குகளைக் கழற்றினார். இரண்டு பிளக் கறுத்து, ஒயிலில் ஊறியிருந்தன. பிளக் இருந்த ஓட்டையில் அழுத்தம் பார்க்கும் மீட்டரைப் பூட்டி, என்னைச் சாவி திருப்பச் சொன்னார். அந்த இரண்டு சிலிண்டரிலும் முள் பாதிகூட ஏறவில்லை. பிறகு ஓட்டை வழியாக ஒரு கரண்டி ஒயிலை உள்ளே விட்டு மறுபடி திருப்பச் சொன்னார். இந்தமுறை முள் நன்றாக ஏறியது.

“பாத்தீங்களா? ஒயில் விட்டதும் இடைவெளி அடைபட்டுப் பெய்த்து. வால்வுல பிழை ஈந்தா இப்படி ஏறாது. பிஸ்டனும் சுவரும் தேஞ்சி ஈக்கி. பிஸ்டனைச் சுத்தி ஈக்கிற ரிங்குக்குப் பக்கத்தால ஒயில் மேல வந்து எரியிது.”

“மருந்து?”

“சிலிண்டரைக் கடைஞ்சி பெருசாக்கி, பெரிய பிஸ்டன், புது ரிங் போடணும். கடையிறதுக்கு ஒருகொடவத்தையில ஆள் ஈக்கி. பிஸ்டன்தான் கெடைக்காது.”

“பிஸ்டனை நான் தேடுறன். நீங்கள் கழட்டுங்கோ.”

அப்படித்தான் கார் கராஜில் நின்றது. நாங்கள் மறுபடி பஸ் ஏறினோம். அக்கா ஒன்றும் முறையிடவில்லை. ஏறும்போது கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு சிவபுராண வரியை முணுமுணுப்பார், இறங்கும்போது நிறுத்துவார்.

நானா கழற்றிய பழைய பிஸ்டன் ஒன்றை மாதிரிக்கு என்னிடம் தந்திருந்தார். உள்ளங்கை நிறைந்த, கனத்த, வட்டமான உலோகம். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமைகளில் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளுக்குப் போவேன். முதல் சனிக்கிழமை பஸ்ஸை மறித்துப் பைகளைச் சோதித்தார்கள். என் பைக்குள் கை விட்ட இளம் சிப்பாயின் முகம் மாறியது. அவன் அதை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, ரிங் இருக்கும் பள்ளங்களில் நகத்தை ஓட்டினான்.

“பிஸ்டன்” என்றான். “தாத்தாட்ட லொறியக் தியனவா.” அப்பாவிடம் ஒரு லொறி இருக்கிறது என்றான். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. கவனமாகத் திருப்பிப் பைக்குள் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனான். அதன் பிறகு நான் அதைப் பையில் வைக்கவில்லை. எல்லாரும் பார்க்கும்படி கையிலேயே பிடித்துக்கொண்டு போனேன்.

கடைக்குக் கடை தலையாட்டினார்கள். இல்லை, வராது, அந்தக் காலம் முடிந்தது. நான் கேள்வியை மாற்றினேன். இந்தக் காருக்கு இருக்கிறதா என்று கேட்பதை விட்டு, இந்த எஞ்சின் வேறு எந்த வாகனத்தில் வந்தது என்று கேட்கத் தொடங்கினேன். பலர் தோளைக் குலுக்கினார்கள். மூலைக் கடையில் இருந்த ஒரு சிங்களப் பெண்மணி மட்டும் பிஸ்டனை வாங்கி அளந்து பார்த்தார். முன்பு பேக்கரிகளிலிருந்து பாண் விநியோகித்த சின்ன வான்களில் இதே எஞ்சின்தான் இருந்தது என்றார். அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார். போனபோது தூசி படிந்த அட்டைப் பெட்டி ஒன்று மேசையில் இருந்தது. உள்ளே பழையதைவிடச் சற்றுப் பெரிய நான்கு பிஸ்டன்களும் ரிங்குகளும், மெழுகுத் தாளில் சுற்றியபடி. நான் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் நேரே மாளிகாவத்தைக்குப் போனேன்.

நானா அளந்து பார்த்தார். “சரிவரும்” என்றார். அவருக்கும் கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது. ஆனாலும் சிலிண்டர் கடைந்து வந்த பிறகும் வேலை நகரவில்லை. அவசரக்காரர்கள் வந்தால் எங்கள் எஞ்சின் மூலைக்குப் போய்விடும். ஆகவே பாடசாலை விட்டதும் நான் கராஜுக்குப் போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தத் தொடங்கினேன்.

“டீச்சர், நீங்க இங்க இரிக்கத் தேவல்ல. நான் செய்றேன்.”

“நீங்கள் செய்யுங்கோ. நான் என்ர வேலையைச் செய்யிறன்.”

இரண்டாம் நாள் அவருடைய மனைவி மாடியிலிருந்து இஞ்சித் தேநீர் கொடுத்தனுப்பினார். மூன்றாம் நாள் தானே கொண்டுவந்து, பக்கத்தில் நின்று, இந்த மனிசனை இப்படி ஒருத்தர் பிடிக்கத்தான் வேணும் என்று சிரித்தார். வேலை நகர்ந்தது.

அப்படி இருந்த ஒரு பின்னேரம்தான் அந்தச் சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு பெரிய வெடி, கராஜ் கதவின் தகரம் அதிர்ந்தது. எல்லாரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழும்பினார்கள். நானா கராஜ் கதவை இழுத்து மூடினார். அவருடைய மனைவி இறங்கி வந்து என் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனார். எங்கள் பஸ் போகும் வழியில், கோட்டைப் பக்கம் குண்டு வெடித்திருக்கிறது என்று வானொலி சொன்னது. பக்கத்து வீட்டு ரெலிபோனில் கணவரின் வங்கிக்கு அழைப்பு எடுத்துப் பார்த்தேன், இணைப்பு வரவில்லை. ஜன்னலில் நின்று வெறிச்சோடிய வீதியைப் பார்த்தேன். அக்கா அன்று காய்ச்சலில் பாடசாலைக்கே வரவில்லை என்பதை நினைத்து நினைத்து ஆறுதல்பட்டேன்.

மாலையில் வீதிகளைக் கொஞ்சம் திறந்தார்கள். “நான் கொண்டுபோய் விடுறேன்” என்றார் நானா.

“நானும் வாறேன்” என்றார் மனைவி. “பொம்பிள ஒருத்தி கூட ஈந்தா நல்லம்.”

தெரிந்தவரின் முச்சக்கர வண்டியில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு போனோம். வழியில் மறித்தார்கள். என் அட்டையை ஒருவன் நீண்ட நேரம் பார்த்தான். இது யார் என்று அவர்களைக் கேட்டான். நானா வாய் திறக்க முன்னரே அவர் மனைவி எட்டிச் சொன்னார்: “அபே டீச்சர்.” எங்கள் டீச்சர். அவருடைய கை என் முழங்காலில் இருந்தது. அவன் அட்டையைத் திருப்பித் தந்தான்.

ஒழுங்கை முகப்பில் கணவர் நின்றார். சேர்ட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கோட்டைப் பக்கம் நடந்து போகப் பார்த்து, திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு அறிந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய் நானாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர்கள் உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படும்போது கணவர் சொன்னார்.

“எப்பிடியாவது அந்தக் காரைச் செய்து தாங்கோ.”

“இன்ஷா அல்லாஹ், இந்தக் கிழமை” என்றார் நானா.

அந்தக் கிழமை முடியவில்லை, அடுத்த கிழமை முடிந்தது. கணவரையும் அழைத்துக்கொண்டு போனேன். நானா சாவியை என்னிடமே தந்தார். எஞ்சின் முதல் தரத்திலேயே பிடித்தது. பின்னால் நீலப் புகை எழுந்தது.

கணவர் என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார். ஆனால் நானாவின் முகத்தில் மாற்றமில்லை. புது ரிங்குகள் சுவரோடு இன்னும் பொருந்தவில்லை என்றார். உள்ளே பூசிய ஒயில் எரிகிறது. மெதுவாக ஓட்டி ஓட்டித்தான் பொருந்தவைக்க வேண்டும்.

“மெதுவா, ஆனா ஒரே வேகத்தில இல்ல. கூட்டிக் கொறச்சி ஓடணும். அவசரப்பட்டீங்கண்டா அவ்வளவும் வீண்.”

பொருந்தும்வரை ஓட்ட வேண்டும் என்றால் ஓட்டுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கணவரை ஏற்றிக்கொண்டு காலி வீதியில் தெற்கே புறப்பட்டேன். தெஹிவளை தாண்டியதும் எங்களுக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே சேர்ந்துவிட்டது. பஸ்காரன் விடாமல் ஹோர்ன் அடித்தான். லொறிக்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து, கையை நீட்டி, நான் வீட்டில் சோறு சமைக்கப் போகலாம் என்று சிங்களத்தில் கத்தினான்.

“இஞ்சேரும், வேகத்தைக் கொஞ்சம் கூட்டுமன்” என்றார் கணவர், முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு.

“கூட்டமாட்டன்.”

நான் கூட்டவில்லை. நானா சொன்ன அளவுக்கு மேலே வேகம் காட்டும் முள்ளை விடவில்லை. மொரட்டுவைப் பாலத்தில் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வந்த வாகனங்களின் முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. புகை மெலிந்துகொண்டு வந்தது. பாணந்துறைக் கடற்கரையில் ஒரு மரநிழலில் நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை இருந்தோம். மீன்காரர்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கணவர் இறங்கிப் போய் வடை வாங்கிவந்தார். சாப்பிட்டு முடித்ததும் அவரே பொனற்றைத் திறந்தார், அதுவரை அதைத் தொட்டதில்லை. கம்பியை இழுத்து, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார்.

“இதில எந்தக் கோடு பார்க்கிறது?”

“மேல் கோடு.”

“மேல் கோட்டிலதான் நிக்குது” என்றார்.

அடுத்த நாளே அக்கா முன் சீட்டில் ஏறிவிட்டார். புகை முற்றாக நிற்க இன்னும் சில கிழமைகள் எடுத்தன. ஒவ்வொரு ஞாயிறும் பாணந்துறைக்குப் போனோம். பழைய எஞ்சின் பழைய எஞ்சின்தான். ஒயிலைத் தொடாமலே ஓடியது என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் ஒருதரம் ஊற்றினால் பாடசாலைத் தவணை முடியும்வரை போதும். டிக்கியில் அக்காவின் குடையும் என் கொப்பிகளும் மட்டுமே இருந்தன. அடுத்த தவணை தொடங்கியபோது சங்கீத ஆசிரியையும் எங்களோடு சேர்ந்துகொண்டார். அவருக்குப் பின் சீட்டைக் கொடுத்தோம்.